பதினாலு காரும் ஒரு டிரைவரும்

அந்த ஊரில் பதினாலு கார்கள் இருந்தன. ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். அவருக்கு வயது அறுபத்தெட்டு. இரண்டு முட்டியிலும் வலி. மூன்றாவது கியர்மேல் நம்பிக்கை கிடையாது.

சேரன்மகாதேவிப் பக்கம் மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து வாய்க்கால் கரையோடு மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் அந்த ஊர். அங்கே ஆறு வருடம் ரேஷன் கடை விற்பனையாளராக இருந்தேன். வீடு திருநெல்வேலி டவுணில். வாரத்தில் மூன்று நாள் பைக்கில் போய் வருவேன். ஓர் ஊரின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள ரேஷன் கடையைவிட நல்ல இடம் கிடையாது. அட்டையில் ஆறு பெயர் இருக்கும், பையோடு வருவது ஒருவராக இருக்கும். மற்ற ஐந்து பேரில் ஒருவர் கங்கைகொண்டானில் கம்பெனி வேலை, ஒருவர் கோயம்புத்தூர், ஒருவர் துபாய், மிச்சம் இரண்டு பேர் சுவரில் போட்டோவாக. அறுபதுக்குக் கீழே இருப்பவர்களை அங்கே 'சின்னப் பிள்ளைக' என்பார்கள். கோயில் கொடைத் திருவிழா நடத்தும் இளைஞர் குழுவின் தலைவருக்கு ஐம்பத்தாறு வயது. பந்தல்கால் தூக்கப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டதில் இரண்டு கொடையாகப் படுத்தபடியே தலைமை வகிக்கிறார்.

கார்கள் எல்லாம் பிள்ளைகள் வாங்கிக்கொடுத்தவை. "ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும்பா" என்று சொல்லி, சாவியை அப்பா கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். அப்பாவுக்கு சைக்கிள்தான் தெரியும். பேட்டரி செத்துப்போகக் கூடாது என்று மகன் போனில் சொன்னபடி, ஞாயிறுதோறும் காலையில் பெரியவர்கள் உறையைக் கழற்றி, உள்ளே ஏறி, எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார்கள். ஊரே உறுமி ஊரே அடங்கும். சங்கரலிங்க அண்ணாச்சி ஒருபடி மேலே. சித்திரை மாதம் கரண்ட் போனால் மனைவியையும் கூட்டிக்கொண்டு தன் பெரிய வெள்ளைக் காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கரண்ட் வந்ததும் இறங்குவார்கள். நாலு வருடத்தில் அந்த வண்டி தொழுவத்தைத் தாண்டவில்லை. சீட்டில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

முன்பு மினி பஸ் ஒன்று வந்துகொண்டிருந்ததாம். ஏற ஆள் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். உண்மையில் ஆள் இருந்தார்கள். படிதான் உயரம்.

ஆக, ஊருக்கு வண்டி என்றால் நர்ஸம்மாவின் பழைய சிவப்புக் கார்தான்.

பாளையங்கோட்டைக்காரர். கிராம சுகாதாரச் செவிலியராக இந்த ஊருக்கு வந்தவர், இங்கேயே வாத்தியார் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். வாத்தியார் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. ஒரே மகன் வெளிநாட்டில். ஓய்வு பெற்ற மறுமாதம் டவுணில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, மூன்று தடவை தோற்று, நாலாவது தடவை லைசென்ஸ் வாங்கினாராம். நல்ல பணிக்காக அரசு கொடுத்த ஷீல்டு ஒன்று வீட்டில் இருந்தது. கனமான தேக்கு. வண்டியைச் சரிவில் நிறுத்தினால் பின்சக்கரத்துக்கு அதைத்தான் முட்டுக்கொடுப்பார். கேட்டால், "இத்தன வருசத்துக்கு இப்பத்தான் ஒரு உபயோகம் வந்திருக்கு" என்பார்.

அவர் அநேகமாக யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். மூட்டு, சுகர், கண்ணு, பிரஷர் என்றே கூப்பிடுவார். என்னை 'ரேஷன்'. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற காலையில் ஹாரன் அடித்தபடி தெருவில் வருவார். "சுகர் எல்லாரும் ஏறு. கண்ணு வியாழக்கிழமை." வண்டியில் நாலு இடம். முன்சீட்டு இருதயத்துக்கு மட்டும். அந்த முன்சீட்டுக்காக ஊரில் நடந்த அரசியல் சொல்லி மாளாது. "எனக்கு நானூறு காட்டுது, அவளுக்கு இருநூறுதான்" என்று சர்க்கரையைப் பரீட்சை மார்க்கு மாதிரி சொல்லிச் சண்டை போடுவார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெரியவரை நாடி பார்த்து, "உமக்கு வாயு வே, பின்னால ஏறும்" என்று அனுப்பினார்.

கடையிலும் அவர் ஆட்சிதான். கைரேகை மிஷினில் கிழவிகளின் விரல் பதியாது. மிஷின் 'பொருந்தவில்லை' என்று சொல்லும். நான் திருப்பி அனுப்பப் பார்ப்பேன்.

"ஏ ரேஷன், அறுவது வருசம் நாத்து நட்ட விரலு. ரேகை எங்கன இருக்கும்? வயல்ல கிடக்கும். போய்த் தேடச் சொல்லுதியா?"

ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொரு விரலாக வைத்து வைத்து எடுப்பார். பத்து விரலும் தோற்றால் மறுநாள் மறுபடி கூட்டிக்கொண்டு வருவார். பட்டியலில் ஒரு பெயரை எழுதிவிட்டால் அந்த ஆள் தப்ப முடியாது. அதுதான் அவர். மலேரியா மாத்திரையோ, தடுப்பூசியோ, அரிசியோ, கணக்கு முடியாமல் அவருக்குச் சோறு இறங்காது. 'டார்கெட்' என்ற சொல்லை அவர் சொல்லும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் தாமாகவே கொஞ்சம் விலகிக்கொள்வார்கள்.

விலகுவதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் அவருடைய பெரிய டார்கெட், குடும்பக் கட்டுப்பாடு. வீடு வீடாகப் போய், வாசலில் நின்று, மாமியார்களோடு மல்லுக்கட்டி, வட்டாரத்திலேயே முதல் ஆளாக முடித்தவர். அதன் பலனை ஊர் இப்போது அனுபவிப்பதாகப் பெரியவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். மூன்று பிள்ளைகள் மிஞ்சியிருந்த பள்ளிக்கூடத்தைப் பூட்டிப் பக்கத்து ஊரோடு சேர்த்தபோது, டீக்கடையில் சங்கரலிங்க அண்ணாச்சி சத்தமாகவே சொன்னார்.

"இந்தம்மா ஒரு ஆளா நின்னு ஊரக் காலி பண்ணிட்டா வே. இன்னைக்குக் கார் ஓட்ட ஒரு பய இல்ல."

காரைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸம்மா நிமிர்ந்தார். "நான் ரெண்டோட நிறுத்துங்கன்னேன். அந்த ரெண்டையும் கப்பல் ஏத்துங்கன்னு நான் சொன்னனா அண்ணாச்சி?"

அண்ணாச்சி டீயைக் குடித்தார். ரொம்ப நேரம் குடித்தார்.

இப்படி எல்லாருக்கும் பதில் வைத்திருந்தவர், ஒருத்திக்கு மட்டும் பதில் சொல்லாமல் இருந்தார். பேச்சியம்மாள். வாழைத் தோட்டத்துக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவள், வயது ஐம்பத்தெட்டு. ஒரு மகள், ஒரு மகன். மகள் திருப்பூரில். மகன் நாங்குநேரிக்கு அங்கிட்டு நாற்கரச் சாலையில் பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. பதினாறாம் நாள் விசேஷத்தில், பந்தி நடக்கிறபோது, பேச்சி எழுந்து நர்ஸம்மா முன்னால் வந்து நின்றாளாம்.

"அன்னைக்கு நீங்க என் வாசலுக்கு வராம இருந்திருந்தா, எனக்கு இன்னும் ஒண்ணு இருந்திருக்கும்."

அன்று முதல் அவர் ஓட்டுகிற வண்டியில் அவள் ஏறியதில்லை. அவளுக்கும் பிரஷர் உண்டு. மாதம் இரண்டு தடவை மாத்திரைக்குப் போக வேண்டும். மெயின் ரோடு வரை மூன்று கிலோமீட்டர் நடந்தே போவாள். நர்ஸம்மாவோ அவள் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்கவில்லை. அவள் நடக்கிற நாளில் வண்டியை அவளுக்குப் பின்னால் விடுவார். முந்த மாட்டார். மூன்று கிலோமீட்டரும் அவள் நடை வேகத்திலேயே. அவ்வப்போது ஒரு சின்ன ஹாரன். முன்னால் பேச்சி திரும்பிப் பாராமல் நடக்க, பின்னால் சிவப்புக் கார் ஊர்ந்து வர, உள்ளே மூன்று கிழடுகள் வியர்வையில் நனைந்து, "எம்மா, அவ ஏற மாட்டா, நம்மள இறக்கி விட்டாக்கூட வெரசாப் போயிருவோம்" என்று கெஞ்ச, நான் பைக்கில் இந்த ஊர்வலத்தைக் கடந்து போயிருக்கிறேன். நர்ஸம்மா கண்ணாடி வழியாக எனக்கு முன்னால் போகச் சைகை காட்டுவார். முகத்தில் ஒரு கோபமும் இருக்காது.

ஒரு வருடம் கார் பருவ நெல்லுக்கு நாற்று நட ஆள் கிடைக்கவில்லை. கிழவிகள் குனிந்தால் நிமிர மாட்டார்கள். வடக்கேயிருந்து ஒரு கூட்டத்தைக் கூட்டி வந்து, பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். பூட்டின பிறகு முதல்முறையாக அந்தக் கட்டடத்தில் இளவட்டங்களின் சத்தம் கேட்டது. அதில் சுனிதா என்று ஒரு பெண். இருபது வயது இருக்கும். அவளை நர்ஸம்மா தெருவில் நூறடி தூரத்திலேயே பார்த்துவிட்டார். வண்டியை நிறுத்தி, இறங்கி, வயிற்றில் கை வைத்தார்.

"எத்தன மாசம்?"

அவள் விழித்தாள். சத்தமாகப் பேசினால் எந்த ஊர்க்காரருக்கும் தமிழ் புரியும் என்பது நர்ஸம்மாவின் எண்ணம். இன்னும் சத்தமாகக் கேட்டார். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் கொக்கு பறந்தது. கடைசியில் அவள் விரலில் ஏழு காட்டினாள்.

அவ்வளவுதான். ஊரே உண்டாகியிருப்பதுபோல ஆகிவிட்டது. முன்சீட்டு இருதயத்திடமிருந்து பறிக்கப்பட்டுச் சுனிதாவுக்குப் போனது. ஒரு எதிர்ப்பும் இல்லை. கடைக்கு வரும் கிழவிகள், "இந்தப் பருப்பு அந்தப் பிள்ளைக்கு, தனியாக் கட்டு" என்றார்கள். மாற்றி மாற்றிச் சோறு கொடுத்ததில் அவளுக்குச் செரிக்காமல் போய், நர்ஸம்மா தெருத்தெருவாக நின்று எச்சரிக்கை விட வேண்டி வந்தது. பேச்சி மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை என்றார்கள்.

ஒன்பதாம் மாதம், ஒரு வியாழக்கிழமை. சிவப்புக் கார் கிளட்ச் போய் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. புருஷனும் மற்றவர்களும் பக்கத்து ஊர் வயலுக்கு டிராக்டரில் போயிருந்தார்கள். பத்து மணிக்குச் சுனிதாவுக்கு வலி கண்டது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறது, வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். நர்ஸம்மா ஒரு தடவை பார்த்துவிட்டு, "அதுவரை தாங்காது" என்றார். "ரேஷன், கடையப் பூட்டு."

நேரே சங்கரலிங்க அண்ணாச்சி தொழுவத்துக்குப் போனார். தானே உறையை உருவினார்.

"அண்ணாச்சி, சாவி."

அண்ணாச்சி சாவியை மடியில் பிடித்துக்கொண்டு நின்றார். "எம்மா... சீட்டு..."

"சீட்டக் கழுவிக்கிடலாம்."

"மகங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அங்க இப்ப என்ன மணி? தூங்குவான். சாவியத் தாரும் வே!"

நாற்பது வருடத்தில் அண்ணாச்சியை அந்த ஊரில் யாரும் அப்படி 'வே' போட்டு அதட்டியதில்லையாம். கொடுத்துவிட்டார்.

சுனிதாவைப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். கூட ஒரு பொம்பளை வேண்டும். ஏற வந்த நாலு கிழவிகளுக்கும் அந்த வண்டியின் உயரம் எட்டவில்லை. ஒருத்தியைத் தூக்கி ஏற்றப் பார்த்ததில் அவளுக்கே தொடை பிடித்துக்கொண்டது. "போதும், விடுங்க" என்று நர்ஸம்மா வண்டியை எடுத்தார். முன்னால் நான். பின்னால் அந்தப் பெண் கதவைக் காலால் உதைத்துக் கத்திக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் உறையில் வழுக்கி வழுக்கிக் கீழே சரிந்தது. நர்ஸம்மா ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று மறு கையைப் பின்னால் நீட்டினார். வண்டி வாய்க்கால் பக்கம் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது முன்னால் பேச்சி நடந்துகொண்டிருந்தாள். அன்று அவளுக்கு மாத்திரை நாள்.

நர்ஸம்மா பின்னால் ஊரவில்லை. முந்திப் போய்க் குறுக்கே நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார்.

"பேச்சி, எனக்காக இல்ல. பிள்ளையப் பிடிக்க ஆள் இல்ல."

பேச்சி அவரைப் பார்க்கவில்லை. பின்சீட்டைப் பார்த்தாள். சுனிதா ஏதோ சொல்லி அழுதாள். பாஷை புரியவில்லை, அம்மா என்ற சொல் அதில் இருந்த மாதிரி பட்டது. பேச்சி மஞ்சள் பையை உள்ளே வீசிவிட்டுத் தாவி ஏறினாள். தினமும் நடக்கிற கால்.

அடுத்த பாலத்தைத் தாண்டவில்லை. "நிறுத்துங்க, தலை தெரியுது" என்று பேச்சி கத்தினாள். நர்ஸம்மா இறங்கிப் பின்னால் ஓடினார். முட்டிவலிக்காரர் ஓடி அன்றுதான் பார்த்தேன். என்னை வயலைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். நட்டு வேரூன்றிய பயிரைப் பார்த்துக்கொண்டே, பின்னால் இரண்டு குரல்களைக் கேட்டேன். "பைய, பைய. பிடிச்சுக்கோ." "பிடிச்சிருக்கேன்." "முதுகத் தாங்கு." "தாங்குதேன், நீங்க உங்க வேலையப் பாருங்க." பிறகு மூன்றாவதாக ஒரு குரல், சின்னது, கீச்சென்று. பெண் பிள்ளை. பேச்சியின் மஞ்சள் பையில் இருந்த புதுத் துண்டில் சுற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பிரசவ வார்டுக்கு வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். நான் நடுவில், யாரும் கேட்காமல் மாட்டிக்கொண்டேன். நர்ஸம்மா என்னைப் பார்த்துப் பேசுவதுபோலப் பேசினார்.

"பேச்சி, அந்த மார்ச் கடைசியில எனக்கு ரெண்டு கேசு குறைஞ்சுது. தினம் மீட்டிங், தினம் ஏச்சு. ஒண்ணுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போனேன். இன்னொண்ணு கிடைக்கல. சனிக்கிழமை நானே ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்தேன்."

பேச்சி திரும்பினாள். "நீங்களா? ஒத்தப் பிள்ளையோடயா?"

"ஒண்ணோட."

"வாத்தியார் சாருக்குத் தெரியுமா?"

"பிறகுதான் சொன்னேன். ஒண்ணும் ஏசல. ஒரு வாரம் என்கூடச் சாப்பிடல."

பேச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கிறுக்கா பிடிச்சிருந்துச்சு உனக்கு?" என்றாள். 'நீங்க' எப்போது போனது என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"டார்கெட்டு" என்றார் நர்ஸம்மா. அந்தச் சொல்லை அவ்வளவு மெதுவாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "உன் வாசல்ல நான் நின்னப்போ, நீ வேண்டாம்னு சொன்ன. காதுல விழுந்துச்சு. விழாத மாதிரி இருந்துக்கிட்டேன். என் விசயத்துல நானே பண்ணிக்கிட்டது. உன் விசயத்துல நான் பண்ணினது தப்பு."

பேச்சி எழுந்து போனாள். வர மாட்டாள், நடந்தே ஊருக்குப் போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். கால் மணி நேரம் கழித்து ஒரு டீயும் பன்னும் கொண்டுவந்து நர்ஸம்மா பக்கத்தில் வைத்தாள். "முட்டிக்கு மாத்திரை போடணும்லா. தின்னு" என்றாள். எனக்கு வாங்கவில்லை.

அன்று மத்தியானமே சங்கரலிங்க அண்ணாச்சி மகனுக்குப் போன் போட்டு, "நம்ம வண்டியில ஒரு பிள்ளை பொறந்திருக்கு லே!" என்றாராம். விற்கிறபோது விலை குறையும், சீட் கவரை உடனே மாற்றுங்கள் என்றானாம் மகன். அண்ணாச்சி போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு யார் வந்தாலும் தொழுவத்துக்குக் கூட்டிப் போய் உறையைத் தூக்கி, "இங்கனதான்" என்று காட்டுவார். வாங்கினபோதுகூட வண்டியை அவர் அப்படிக் காட்டியதில்லை.

ஊரில் கிழவிகள் பிள்ளைக்கு 'வண்டிக்காரி' என்று பெயர் வைத்தார்கள். தாய் தகப்பன் வைத்த பெயர் வாயில் நுழையவில்லை. பள்ளிக்கூட வாசலில் பகல் முழுவதும் கூட்டம். பிள்ளை தும்மினால் ஆறு பேர் எழுந்து நிற்பார்கள். ஒருநாள் நர்ஸம்மா சுனிதாவிடம் மூன்று விரலை நீட்டி, அடுத்தது மூன்று வருடம் கழித்துத்தான் என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார். "எம்மா, நீ கொஞ்சம் சும்மா இரி!" என்று ஊரே சேர்ந்து கத்தியது. பேச்சிதான் அதிகச் சத்தம். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நடவும் களையெடுப்பும் முடிந்தன. கேரளத்துப் பக்கம் வேறு வேலை இருக்கிறது என்று அவர்களைக் கூட்டி வந்த மேஸ்திரி சொல்லிவிட்டார். புறப்பட்ட அன்று ஊரில் நடக்க முடிந்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். முடியாதவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் வேனில் போக, சுனிதாவையும் புருஷனையும் பிள்ளையையும் நர்ஸம்மா தன் சிவப்புக் காரில் திருநெல்வேலி ஜங்ஷன் ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தார். பக்கத்தில் பேச்சி. நான் டவுணிலிருந்து போய் நின்றேன்.

ரயில் போன பிறகு என்னை வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொன்னார்கள். பின்சீட்டில் ஏறினேன். நர்ஸம்மா சாவியைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். முடிக்க ஒரு வேலை இல்லாமல் அவரை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஸ்டேஷன் வாசலில் பையும் படுக்கையுமாக வந்து இறங்குகிற வேறு வடக்கத்திக்காரர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பேச்சி, இனி நம்ம ஊருக்கு ஒரு பிள்ளை எங்கன இருந்து வரும்?"

"எங்கன இருந்தோ வரும்" என்றாள் பேச்சி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "யக்கா, நீ வண்டிய எடு. வாழைக்குத் தண்ணி பாய்ச்சணும், இருட்டிரும்."